எண்பது ஆக்டேன்

முர்காப் சந்தையில் கடை என்றால்
துருப்பிடித்த கண்டெய்னர்.
ஏழாவது என்னுடையது.
பெயர்ப்பலகை கிடையாது.
வாசலில் வாளி நிமிர்ந்திருந்தால் பெட்ரோல் உண்டு.
கவிழ்ந்து கிடந்தால்
என் வீட்டுக்காரர் லாரி இன்னும் கணவாய் இறங்கவில்லை.

கோடையில் சைக்கிள்காரர்கள் வருவார்கள்,
உதடு வெடித்து, மூக்கு உரிந்து.
தண்ணீர் பாட்டில் மாதிரி ஒரு சிவப்புக் குப்பியை நீட்டி
முக்கால் என்று விரலால் கோடு போடுவார்கள்.
முழுக்க நிரப்பக் கூடாதாம்,
காற்றுக்கு இடம் வேண்டுமாம்.
காற்றைப் பற்றி
இந்த ஊரில் வந்து சொல்கிறார்கள்.

அரை லிட்டருக்கு டிரம்மைச் சாய்க்கும்போதெல்லாம்
முதுகு என்னை ஏசும்.
புனலில் பழைய காலுறையைச் செருகி வடிகட்டுவேன்.
அதில் தங்குவது மணல், துரு,
ஒருமுறை ஒரு வண்டு.

ஜூலையில் வந்தவன் ரேதோ, சுவிஸ்காரன்.
உள்ளங்கையில் அடங்கும் காஸ் அடுப்பு.
எடை போட்டுப் பார் என்றான்.
என் தராசின் முள் அசையவே இல்லை.
காஸ் குப்பி எங்கே கிடைக்கும் என்றான்.
வடக்கே கை காட்டினேன்:
ஓஷ். நானூறு கிலோமீட்டர்.
அடுப்பை என்னிடமே வைத்துவிட்டு
பச்சைத் தண்ணீரில் ஊறிய நூடுல்ஸோடு கிளம்பினான்.
இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது,
கால் மடக்கிய தும்பி.

எல்லோரும் வீட்டில் உட்கார்ந்துதான் அடுப்பு வாங்குகிறார்கள்.
வீட்டில் எதுவும் கனமில்லை.

ஆகஸ்ட் கடைசியில் போஹ்தானா.
செக் நாட்டுக்காரி, ஐம்பது தாண்டியவள், தனியாள்.
அவளுடையது பித்தளை அடுப்பு, ஒன்றரைச் செங்கல் கனம்.
மண்ணெண்ணெய், டீசல், என் எண்பது ஆக்டேன்,
எதை ஊற்றினாலும் குடிக்கும்.
குடித்துவிட்டு இருமும்.
இப்போது இருமலும் நின்றுவிட்டது,
மூன்று நாளாகப் பச்சை மாவு தின்கிறேன் என்றாள்,
பள்ளிக்கூடத்தில் படித்த ரஷ்ய மொழியில்.

காற்று படாத பக்கம் உட்கார்ந்து
தராசுத் தட்டில் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தாள்.
ஓ-ரிங் இரண்டு. ஸ்பிரிங். ஜெட்.
பம்பின் தோல் வாஷர்
உலர்ந்த பாதாமியாய்ச் சுருங்கியிருந்தது.
அடிக்க அடிக்கக் காற்று உள்ளே போகாமல்
ஓரமாகப் பெருமூச்சு விட்டது.
எண்ணெய் இருக்கிறதா என்றாள்.
யாக் வெண்ணெய்தான் இருந்தது.
முகர்ந்தாள். நானும் முகர்ந்தேன்.
போன வசந்தத்து வெண்ணெய்.
பரவாயில்லை என்று கட்டைவிரலால் தேய்த்தாள்,
தன்னை ஒரு மாடு போர்த்தியிருந்ததை
அந்தத் தோல் நினைத்துக்கொள்ளும்வரை.

ஜெட்டின் துளை தலைமயிருக்கும் மெல்லிசு.
தையல் ஊசியை நீட்டினேன்.
கையைத் தட்டிவிட்டாள்.
துளை பெரிதானால் தாடி வைத்தவன்தான் முதலில் போவான் என்றாள்.
நாங்கள் இருவரும் தாடி இல்லாதவர்கள்.
சிரித்தோம்.
பிரேக் கம்பியை நறுக்கி, ஒற்றை இழை பிரித்து,
நுழைத்து, இழுத்து, வெயிலில் பிடித்துக் காட்டினாள்.
ஒரு புள்ளி வெளிச்சம். அவ்வளவுதான்.

கூடாரத்துக்குள் பற்றவைப்பாயா என்று கேட்டேன்.
மாட்டேன் என்றாள்.
பிறகு, ஒரே ஒருமுறை என்றாள்.
காதோரம் முடி முளைக்காத இடத்தைக் காட்டினாள்.

கிண்ணத்தில் சொட்டு ஊற்றிக் கொளுத்தினாள்.
மஞ்சளாக, கரி கக்கி, முழங்கால் உயரம்.
பக்கத்துக் கடை தோக்தொபெக்
முட்டைக்கோஸை அணைத்துக்கொண்டு ஓடினான்.
அவள் அசையவில்லை.
தீ தணிந்து அணையப் போன அந்த இமைப்பில்
திருகை நூலளவு திறந்தாள்.

நீலம்.
அப்புறம் அந்தச் சத்தம்,
தூரத்தில் லாரி மேடேறுவது போல.
சட்டென்று சாலையைப் பார்த்தேன்.
அடுப்புதான்.

இந்த உயரத்தில் தண்ணீர் அவசரப்பட்டுக் கொதிக்கும்,
அரிசி அதை நம்பாது.
தேநீர்தான் போட்டாள். வெண்ணெயும் கரியும் மணத்தது.
முக்கால் குப்பிக்குக் காசு வாங்கினேன்.
வெண்ணெய்க்கு வாங்கவில்லை.

அவள் போனபின்
வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.
காலுறையைத் துவைத்தேன்.
அடுத்த டிரம்முக்கு
இரண்டாவது காலுறையும் போட வேண்டும்.